50,000 ரூபாய்க்குள் ஒரு வால்வு ஆம்ப்

11 ஜனவரி 2024, மாலை 6.20. கேள்வி

அண்ணா, கிட்டாருக்கு டியூப் ஆம்ப், அதான் வால்வு ஆம்ப்ளிஃபையர், ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கையில 50,000 ரூபாய். கிட்டார் மெக்சிகோ ஸ்ட்ராட். வீடு கோயம்புத்தூர் பீளமேட்டுல அப்பார்ட்மெண்ட், மூணாவது மாடி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிக்கிறேன், அங்க டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் எல்லாம் இருக்கு. இப்ப வெச்சிருக்கறது 10 வாட் டிரான்சிஸ்டர் பிராக்டிஸ் ஆம்ப். கடையில கேட்டா, டியூப்னா 40 வாட்டுக்குக் கீழ வாங்காதீங்க, அப்புறம் வருத்தப்படுவீங்கங்கறாங்க. புது 40 வாட் நம்ம காசுக்கு வராது. கடன் வாங்கியாவது 40 வாட்டே எடுத்துடட்டுங்களா, இல்ல டியூப் ஆசையையே விட்டுடட்டுங்களா?

11 ஜனவரி, இரவு 10.50. பதில்

இரண்டும் வேண்டாம். 5 வாட் வாங்குங்க.

வாட் கணக்கு ஆளை ஏமாற்றும். வாட் இரண்டு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குக் கொஞ்சம் தூக்கிவிட்டது போல இருக்கும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 5 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் நடுவில் இருப்பது 9 டெசிபல். விலையில் எங்கேயோ போய்விடும், காதில் இரண்டு மடங்குகூட ஆகாது.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. வால்வு ஆம்ப்புக்கு நாம் காசு கொடுப்பதே அதை வேலை வாங்குவதற்காகத்தான். வால்வு களைப்படையும் இடத்துக்குக் கொண்டுபோனால் ஒலி பட்டென்று உடையாது, மெல்லக் கனியும். கம்பியை மெதுவாகத் தொட்டால் தெளிவு, அழுத்தி அடித்தால் ஒரு கரகரப்பு. வால்யூம் குமிழைத் தொடாமல் விரலாலேயே இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வரலாம். 40 வாட் ஆம்ப்பை மூன்றாம் மாடியில் அந்த இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா? குமிழ் 1-இலேயே நிற்கும். அதற்கு உங்கள் டிரான்சிஸ்டர் பெட்டியே போதும்.

ஃபெண்டர் சாம்ப்பின் பழைய 5F1 சர்க்யூட்டைப் பாருங்க. 1950-களின் பிற்பாதி. கிட்டார் ஒலியை முதலில் பெருக்கும் முன்வால்வாக ஒரு 12AX7, ஸ்பீக்கரைத் தள்ளும் பவர் வால்வாக ஒரு 6V6, ஏசியை டிசி ஆக்க ஒரு 5Y3, 8 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் குமிழ், 5 வாட் சொச்சம். கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கென்று செய்தது. அதைத்தான் பெரிய பெரிய வாசிப்பாளர்கள் ஸ்டூடியோவுக்குள் தூக்கிப்போனார்கள்.

நான் வைத்திருப்பதும் 5 வாட்தான், பவர் வால்வு ஒற்றை EL84. 2011-இல் பழையதாக வாங்கினேன். பதிமூன்றாவது வருடம் ஓடுகிறது.

12 ஜனவரி, காலை 7.15

நேற்று விட்டுப்போனது. அமெரிக்காவில் அக்கா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், அங்கே மலிவு, வரும்போது கொண்டுவரச் சொல்லலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அங்கே 120 வோல்ட், ஜப்பானில் 100, நமக்கு 230. அப்படியே சொருகினால் ஃப்யூஸ் போவது நல்ல காலம்; அதோடு நிற்காமல் டிரான்ஸ்பார்மர் வரை போகலாம்.

ஸ்டெப்-டவுன் போட்டாலும் ஒரு சங்கதி மிச்சம் இருக்கிறது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. 60-க்கென்றே இரும்பை அளந்து போட்ட டிரான்ஸ்பார்மர் 50-இல் கூடுதலாகச் சூடேறும். பின்பக்கத் தகட்டில் 50/60 என்று இரண்டும் எழுதியிருந்தால் பயமில்லை. வெறும் 60 என்றிருந்தால் தொடாதீங்க. சில ஆம்ப்பில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கே 120, 230 இரண்டுக்கும் ஒயர் இருக்கும், மாற்றிப் பற்றவைத்தால் போதும். ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் நீங்க இல்லை. பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் 300, 400 வோல்ட் தேங்கி நிற்கும். விளையாட்டு இல்லை தம்பி, ஆளைக் கொல்லும்.

12 ஜனவரி, இரவு 9.30

வால்வு, டியூப் இரண்டும் ஒன்றா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஒன்றேதான். அமெரிக்கர்கள் டியூப் என்பார்கள், இங்கிலாந்துக்காரர்கள் வால்வு என்பார்கள். நம் ஊரில் வால்வு ரேடியோ பார்த்து வளர்ந்தவர்களுக்கு வால்வுதான். பெயரும் அப்படியே இரட்டை: 12AX7 என்பதும் ECC83 என்பதும் ஒரே சரக்கு, EL84-க்கு இன்னொரு பெயர் 6BQ5.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. போட்டதும் பாடாது, அரை நிமிடம் ஆகும். அதற்குள் பின்பக்க ஓட்டை வழியே உள்ளே செக்கச்செவேலென்று நூல் போல எரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தூசி சூடாகும் ஒரு வாசனை வரும். இன்றும் என் ஆம்ப்பைப் போட்டால் அதே வாசனை.

நம் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் இந்த வால்வுகளைச் செய்தது பலருக்குத் தெரியாது. BEL என்று அச்சிட்ட ECC83-ஐ இன்றைக்கும் வெளிநாட்டு கிட்டார்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். பழைய ரேடியோ ரிப்பேர் கடை மூடுகிறது என்று கேள்விப்பட்டால் போய்ப் பாருங்க. எனக்கு அப்படி இரண்டு கிடைத்தன, அட்டைப்பெட்டியோடு.

14 ஜனவரி, ஞாயிறு இரவு 8.40

11-ஆம் தேதி எழுதியதை நானே திருத்த வேண்டியிருக்கிறது.

5 வாட் போதும் என்று அடித்துச் சொல்லிவிட்டேனே, இவர் சர்ச்சுக்கும் சேர்த்தல்லவா கேட்டார் என்று உறுத்தல். நான் கூட்டத்தோடு வாசித்து ஏழெட்டு வருடம் ஆகிறது. இன்று காலை என் ஆம்ப்பை எங்கள் தெரு சர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆராதனை முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கிற பையனை அரை மணி நேரம் இருக்கச் சொன்னேன்.

அவன் பிரஷ் குச்சியால் மெல்லத் தட்டியவரை எல்லாம் அழகு. குச்சியை மாற்றி ஸ்னேர் டிரம்மில் ஒரு அடி வைத்தான், நான் காணாமல் போனேன். வால்யூமைத் தூக்கினால் சத்தம் கேட்கிறது, தெளிவு போய்விடுகிறது. ஆராதனைப் பாட்டுக்கு நீங்கள் அடிப்பது பாதிக்குமேல் தெளிவான, விரிந்த கார்டுகள். அவை கரகரவென்று வந்தால் பாடுகிறவர்களுக்கே எரிச்சலாகும்.

9 டெசிபல்தானே, அவ்வளவே என்று எழுதினேன். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் அந்த 9 டெசிபல்தான் உயிர். கரகரவென்று உடைந்த ஒலிக்கு 5 வாட் தாராளம். உடையாத ஒலிக்குத்தான் வாட் வேண்டும். இதை நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆம்ப் முன்னால் மைக் வைத்து ஹால் ஸ்பீக்கரில் அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம், சபைக்குக் கேட்கும். உங்களுக்குக் கேட்க உங்கள் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கர், அதாவது மானிட்டர், வேண்டும். நான் போன சர்ச்சில் இருந்த இரண்டு மானிட்டரும் பாடகர்களுக்கே பற்றவில்லை.

ஆகையால் 5 இல்லை, 15. இரண்டு EL84 போட்ட 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், மொத்தச் சத்தத்தையும் கடைசியில் அடக்கும் மாஸ்டர் வால்யூம் குமிழ் கட்டாயம். கடைக்காரர் சொன்ன 40 இப்போதும் தேவையில்லை.

15 ஜனவரி, மதியம் 1.05. கேட்டவர்

அண்ணா, 15 வாட்னா வீட்டுல என்ன பண்றதுங்க? கீழ் வீட்டுல கைக்குழந்தை இருக்குது.

16 ஜனவரி, இரவு 10.10

5 வாட்டாக இருந்தாலும் அந்தக் குழந்தை எழுந்துவிடும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பீக்கருக்கு ஒரு எண் போட்டிருப்பார்கள்: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல். செலஸ்டியன் கம்பெனியின் வின்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 100, கிரீன்பேக்குக்கு 98. அப்படியானால் வின்டேஜ் 30-இல் 5 வாட்டுக்கு 107. பத்தில் ஒரு வாட் கொடுத்தாலும் 90. பத்தில் ஒரு வாட் என்பதே வீட்டுக்குள் பெரிய சத்தம்தான். வீட்டுக்கு 5, மேடைக்கு 15 என்று பிரிப்பதில் பொருளே இல்லை. வீட்டில் இரண்டையும் அடக்கியாக வேண்டும்.

அடக்க மூன்று வழி. ஒன்று, ஆம்ப்பிலேயே வாட்டைக் குறைக்கும் பொத்தான். புகேரா V5-இல் 5, 1, 0.1 என்று மூன்று நிலை. லேனி கப் 12R-இல் 15 வாட்டுக்கு ஒரு துளை, 1 வாட்டுக்கும் குறைவாக இன்னொரு துளை, ஒயரை மாற்றிச் சொருகினால் போதும். உங்கள் வாழ்க்கைக்கென்றே யோசித்தது போல. இரண்டாவது அட்டெனுவேட்டர்: ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக்கி விழுங்கும் பெட்டி. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பட்ஜெட்டில் பாதியை அதுவே கேட்கும். மூன்றாவது மாஸ்டர் வால்யூம். முன் குமிழைத் தூக்கி, பின் குமிழை இறக்கி வாசிப்பது.

மூன்றாவதை நான் ரொம்ப நாள் மதித்ததில்லை. பவர் வால்வு வேலை செய்யாவிட்டால் வால்வு ஆம்ப்பே இல்லை என்ற பிடிவாதம், 11-ஆம் தேதிப் பதிவிலும் அதுதான் இருக்கிறது. முழு உண்மை இல்லை அது. முன்னால் இருக்கும் 12AX7-களும் உடையும், அந்த உடைசலுக்கும் ஒரு ருசி உண்டு. ராக், மெட்டல் பக்கம் நாம் கேட்டு வளர்ந்த கிட்டார் ஒலியில் பெரும்பங்கு முன்வால்வுகளுடையது. பவர் வால்வு தருவது வேறு: கை வைத்தால் அமுங்கித் திரும்பி எழும் ஒரு மெத்தைத்தன்மை. அது வீட்டில் கிடைக்காது. ஞாயிறு கிடைக்கும், பொறுங்க.

இரவு ஒன்பதுக்கு மேல் ஹெட்ஃபோன். அதற்கு உங்கள் பழைய 10 வாட் பெட்டியை விற்காதீங்க.

17 ஜனவரி, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு எச்சரிக்கை விட்டுவிட்டேன். சத்தம் வேண்டாமென்று ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு வால்வு ஆம்ப்பை ஓட்டக் கூடாது. ஒருபோதும் கூடாது. ஏன் என்று என் சொந்த நஷ்டத்திலிருந்து சாவகாசமாக எழுதுகிறேன்.

21 ஜனவரி, மாலை 4.30

ஆம்ப் பெயர்களைச் சொல்லுங்க என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நான் கை வைத்தவற்றைப் பற்றி மட்டும்.

ஃபெண்டர் புளூஸ் ஜூனியர். 1990-களின் நடுவிலிருந்து வருகிறது. 15 வாட், இரண்டு EL84, மூன்று 12AX7, 12 அங்குலம், ஸ்பிரிங் ரிவெர்ப். ஸ்ட்ராட்டைச் சொருகி ரிவெர்ப்பை 3-இல் வைத்தால் பாதி வேலை முடிந்தது. 14 கிலோ சொச்சம், ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். எஃபெக்ட்ஸ் லூப், அதாவது முன்வால்வுக்கும் பவர் வால்வுக்கும் நடுவில் பெடலைச் சொருகும் வழி, கிடையாது. அடித்ததை எதிரொலி போலத் திருப்பிச் சொல்லும் டிலே பெடலை ஆம்ப்புக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். தெளிவான ஒலியை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் பெடலில் பார்ப்பவருக்கு இது குறையே இல்லை.

வாக்ஸ் AC15. அசல் 1958-இல் வந்தது, டிக் டென்னி வடிவமைத்தது, கென்ட்டில் டார்ட்ஃபோர்டு ஊரில் ஜென்னிங்ஸ் கம்பெனி. இப்போது வரும் C1 மாடலை ஒரு மாலை முழுக்க வாசித்தேன். கார்டு அடித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும், மேலே ஒரு மணியோசை. ஆராதனைப் பாட்டுகளில் டாட்டட் எட்டு டிலே (முக்கால் தட்டு தள்ளி வரும் எதிரொலி) போட்டு வாசிப்பார்களே, அந்த ஒலியின் தாய்வீடு வாக்ஸ்தான். ஆனால் 22 கிலோ. மூன்றாம் மாடி, லிஃப்ட் இருக்கிறதா?

மார்ஷல் DSL20. இரண்டு EL34, 20 வாட், பாதியாக்கினால் 10. லூப் உண்டு, இரண்டு சேனல். ராக் வாசிப்பவர் வேறெதையும் பார்க்க வேண்டாம். ஒரு தூர உறவையும் சொல்லிவிடுகிறேன்: 1962-இல் லண்டன் ஹான்வெல் கடையில் மார்ஷல் செய்த முதல் ஆம்ப் JTM45, ஃபெண்டர் பாஸ்மேனின் 5F6-A சர்க்யூட்டைப் பார்த்துச் செய்தது. வால்வு மாறியது, ஸ்பீக்கர் மாறியது, பெட்டி மாறியது, அதற்கே வேறொரு உலகம் பிறந்துவிட்டது. வரைபடம் மட்டும் ஒலி இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆரஞ்ச் டைனி டெரர், 2006. டிபன் கேரியர் அளவில் இரும்புப் பெட்டி, 15 அல்லது 7 வாட், மூன்றே குமிழ். தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். ஸ்பீக்கர் பெட்டி தனியாக வாங்க வேண்டும், அந்தச் செலவைச் சேர்த்துப் பாருங்க.

லேனி கப் 12R பற்றி மேலே சொன்னேன். ஒலியில் வாக்ஸ் அளவு மணி இல்லை, ஃபெண்டர் அளவு விரிவு இல்லை. ஆனால் உங்கள் வீடு, உங்கள் சர்ச், உங்கள் காசு மூன்றுக்கும் ஒரே பெட்டியில் விடை சொல்வது அதுதான். பழையது கண்ணில் பட்டால் விடாதீங்க.

புதிதாகவே வேண்டும் என்றால் 50,000 இறுக்கிப்பிடிக்கும். பழையதென்றால் மேலே சொன்னதில் பாதி உங்கள் கைக்குள் வந்துவிடும்.

21 ஜனவரி, இரவு 11.15

தூக்கம் வரவில்லை, இன்னொன்று. மேலே எழுதிய எந்த ஆம்ப்பானாலும் அதன் குணத்தில் பாதி ஸ்பீக்கர். என் 5 வாட்டின் 8 அங்குல ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வெளியே ஒரு 12 அங்குலப் பெட்டியில் மாட்டிய அன்று, வேறு ஆம்ப் வாங்கிவிட்டேனா என்று மனைவி கேட்டாள். அவளுக்கு கிட்டாரில் ஈடுபாடே கிடையாது. 3 டெசிபல் கூடுதலாகத் தரும் ஸ்பீக்கர் என்பது வாட்டை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம், விலையோ அதில் ஒரு பங்கு. ஓம் மட்டும் பொருந்த வேண்டும். ஆம்ப் பின்னால் 8 ஓம் என்றிருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர்.

27 ஜனவரி, மாலை 5.00

ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டக் கூடாது என்றேனே, அந்தக் கதை. 2016.

ஒரு பள்ளி ஆண்டு விழா. மேடையில் யாரோ நடந்துபோகையில் வெளிப் பெட்டிக்குப் போகும் ஸ்பீக்கர் ஒயர் பிடுங்கிக்கொண்டது. சத்தம் வரவில்லை. நான் ஒயரைப் பார்க்காமல் வால்யூமைத் தூக்கி இன்னும் பலமாக அடித்தேன். உள்ளே டப்பென்று ஒரு சத்தம், பிறகு எரிந்த வார்னிஷ் வாசனை.

நடந்தது இதுதான். பவர் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. ஸ்பீக்கர் என்ற சுமை இல்லாவிட்டால், அதன் காயிலில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலே எகிறும். இன்சுலேஷன் துளைபட்டு உள்ளேயே ஷார்ட். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் ஸ்பீக்கரைக் கழற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அந்தப் பழக்கத்தில் வருகிறவர்கள் எல்லோரும் இதை மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

கோயம்புத்தூரில் காயில் கட்டுகிறவருக்குப் பஞ்சமா? மோட்டாரும் பம்புசெட்டும் செய்கிற ஊர். தெருவுக்கு ஒருவர். அவிழ்த்துச் சுற்று எண்ணி, அதே அளவு கம்பியில் கட்டிக் கொடுத்தார். நல்ல வேலைக்காரர், கை சுத்தம். மாட்டினேன். பாடியது, ஆனால் வயிறு காலி. அடி ஒலியே இல்லை, தகர டப்பாவில் வாசிப்பது போல.

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. மின் டிரான்ஸ்பார்மரில் E வடிவ இரும்புத் தகடும் I வடிவத் தகடும் ஒன்றுவிட்டு ஒன்று திருப்பித் திருப்பி அடுக்குவார்கள், அதுதான் முறை. ஒற்றை வால்வு ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மர் அப்படி இல்லை. அந்த வால்வின் டிசி கரண்ட் எந்நேரமும் காயில் வழியே போய்க்கொண்டே இருக்கும், EL84-க்கு 45, 48 மில்லி ஆம்பியர். இடைவெளி இல்லாமல் அடுக்கினால் இரும்பு அந்த டிசியிலேயே நிரம்பிவிடும். ஒலிக்கு இடம் இருக்காது. E எல்லாம் ஒரு பக்கம், I எல்லாம் எதிர்ப்பக்கம், நடுவில் மெல்லிய தாள். அந்தத் தாள்தான் அடி ஒலி.

மறுபடி அவரிடமே போனேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே பிடித்துக்கொண்டார். "சோக்கு மாதிரிங்களா?" என்றார். பழைய டியூப்லைட் சோக்கிலும் இப்படித்தான் இடைவெளி விடுவார்கள். பத்து நிமிட வேலை. அடுக்கி, கிளாம்ப் போட்டு, வார்னிஷில் முக்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் கிட்டாரின் தடித்த E கம்பியைத் தட்டியபோது ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

யாருக்காவது தேவைப்பட்டால்: 5,200 ஓமை 8 ஓமுக்கு இறக்க, சுற்றுகளின் விகிதம் ஏறத்தாழ 25-க்கு 1. இரண்டாம் காயிலை ஒரே மொத்தமாகக் கட்டாமல், முதல் காயிலைப் பிரித்து நடுவில் வைத்துக் கட்டச் சொல்லுங்க. மேல் ஒலி மழுங்காது. இரண்டு EL84 ஆம்ப்பில் தாள் தேவையில்லை, அங்கே இரண்டு பக்கத்து டிசியும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

4 பிப்ரவரி, காலை 9.20

வால்வு தேய்ந்தால் என்ன செலவு, எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு. இன்று புது வால்வு செய்வது உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிற்சாலைகள்: ஸ்லோவாக்கியாவில் JJ, ரஷ்யாவில் சராட்டோவ் ஊரில் ஒன்று, சீனாவில் சில. எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்-சால், சோவ்டெக் என்று பல பெயரில் விற்பது சராட்டோவ் சரக்குதான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது கடைகள் மளமளவென்று காலியாகின. தடை பிறகு தளர்ந்தது, விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

அதனால் ஆம்ப் வாங்கும் பணத்திலிருந்தே ஒரு ஜோடி EL84, ஒரு 12AX7 எடுத்து வைத்துவிடுங்க. EL84 சூட்டில் ஓடுகிற வால்வு, முதலில் தேய்வது அதுதான். 12AX7 பல வருடம் வரும்.

ஒரு கைப்பழக்கம் சொல்லித்தருகிறேன். ஆம்ப் சீக்கிரம் உடைகிறது, தெளிவு போதவில்லை என்றால் முதல் 12AX7-ஐக் கழற்றி 5751 போடுங்க. 12AX7-இன் பெருக்கம் 100, 5751-க்கு 70. கால்கள் அதேதான். பெட்டியைத் திறக்கத் தேவையில்லை, பின்பக்கத்திலிருந்தே மாற்றலாம். அணைத்து, ஆறவிட்டுத் தொடுங்க.

4 பிப்ரவரி, மாலை 7.45

இன்று வேறொரு ஹாலில் பார்த்தது, உடனே எழுதுகிறேன். பாடிக்கொண்டே கிட்டார் வாசித்த பையன் மைக்கில் உதடு வைத்ததும் துள்ளி விழுந்தான். ஆம்ப் ஒரு பாயிண்ட்டில், மிக்சர் இன்னொரு பாயிண்ட்டில், அதில் ஒன்றுக்கு எர்த்தே இல்லை.

எந்த மேடையானாலும் வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஒரு முள் கிட்டார் கம்பியில், மறு முள் மைக் வலையில். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்காதீங்க, ஆம்ப்பையும் மிக்சரையும் எர்த் உள்ள ஒரே பாயிண்ட்டிலிருந்து எடுங்க. ஊங் என்ற இரைச்சல் போகிறதென்று பிளக்கின் எர்த் காலை உடைத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். இரைச்சலோடு வாசிக்கலாம், தவறில்லை.

17 பிப்ரவரி, இரவு 9.00. கேட்டவர்

அண்ணா, கொச்சியில ஒருத்தர் புளூஸ் ஜூனியர் 41,000-க்குத் தர்றேங்கறார். நாளைக்குப் போறேன். என்ன பாக்கணுங்க?

17 பிப்ரவரி, இரவு 9.35

போனதும் பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட் இருக்கிறதா பாருங்க. அதில்லை என்றால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்க.

நீங்க போகும் முன்பே போட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், அணைக்கச் சொல்லி, ஆறவிட்டு மறுபடி போடச் சொல்லுங்க. ஆறிய நிலையில் வரும் கோளாறு சூட்டில் மறையும், சூட்டில் வருவது ஆறும்போது மறையும். இரண்டையும் பார்க்க வேண்டும். அதனால் குறைந்தது நாற்பது நிமிடம் வாசிக்கணும்.

கிட்டார் சொருகாமல் மாஸ்டரைத் தூக்குங்க. சீறல் இருக்கும், பரவாயில்லை. கனத்த ஊங்காரம் இருந்தால் பெரிய கண்டென்சர்கள் வற்றியிருக்கலாம். அதற்கு விலையில் குறைத்துக் கேட்கலாம், விட்டுவிட வேண்டியதில்லை. எல்லாக் குமிழையும் திருப்புங்க; கரகரப்பு என்றால் தூசி, கான்டாக்ட் கிளீனர் போதும். பின்னாலிருந்து EL84 இரண்டையும் விளக்கை அணைத்துப் பாருங்க. உள்ளே நூல் ஆரஞ்சாக எரியும், அது சரி. வெளித் தகடே சிவந்திருந்தால் உடனே அணைக்கச் சொல்லுங்க. கண்ணாடிக்குள் மங்கிய நீல ஒளி தெரிந்தால் பயப்படாதீங்க, அழகாக இருக்கும், பாருங்க.

எர்ணாகுளம் ரயிலில் திரும்புவதானால் ஆம்ப்பை மேல் பர்த்தில் வைக்க வேண்டாம். சீட்டுக்கடியில், ஸ்பீக்கர் முகம் உள்பக்கம்.

18 பிப்ரவரி, இரவு 11.50. கேட்டவர்

38,500-க்கு முடிச்சாச்சுங்கணா. நீல ஒளி பாத்தேன்!

9 மார்ச், இரவு 8.15

ஆம்ப் வாங்கிய தம்பி போனில் பேசினார். A கம்பி அடித்தால் மட்டும் ஜிர்ர் என்கிறது, வால்வு போய்விட்டதா என்று பயம். இன்று பீளமேடு போய்ப் பார்த்தேன். EL84-களைப் பென்சிலால் தட்டினேன், அமைதி. பின்பக்கத் திருகுகளை இறுக்கினேன், ஜிர்ர் போகவில்லை. ஆம்ப்பை அடுத்த அறைக்குத் தூக்கினோம், சுத்தமாக நின்றது. முதல் அறையின் இரும்பு பீரோவில் பதித்த கண்ணாடிதான் அந்தச் சுரத்துக்குப் பாடியிருக்கிறது. காகிதத்தை மடித்துச் சந்தில் செருகினேன்.

பிறகு மாஸ்டரை இரண்டில் வைத்து ஒரு மணி நேரம் வாசித்தார். கீழ் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

நாளை சர்ச்சில் முதல் முறை. ஆம்ப்பைத் தரையில் வைக்காதீங்க. சத்தம் முழங்காலுக்குப் போகும், உங்கள் காதுக்கு வராது, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அடிக்கும். ஒரு மர ஸ்டூலில் வைத்து, பின்பக்கம் சாய்த்து, உங்கள் காதைப் பார்க்கத் திருப்புங்க. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அதுவும் பாடும்.